பழைய பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மழைக்கு முன்னால் காரைத் தயார் செய்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வைப்பர் ரப்பர், டயர், பேட்டரி என்று எல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் கடைசிப் பத்தியில், வெள்ளத்தில் நின்ற காருக்கு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டால் போதும், இன்ஜின் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். இடம் போதாவிட்டால் என்னைப் பற்றிய பத்தியை வெட்டிவிடுங்கள். அளவுகள் வரும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பாடியில், லூகாஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் கிராங்க் கிரைண்டிங் பட்டறை நடத்துகிறேன். கிராங்க் என்பது இன்ஜினுக்குள் சுழலும் பெரிய தண்டு; தேய்ந்துபோனதைச் சீராகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. ஆரம்பித்தவர் என் கணவர். 2011இல் அவர் போன பிறகு விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் படித்தது பி.காம்.; பட்டறையில் பில் போட்டதோடு சரி. மெஷினில் நிற்கும் பெரியவர்தான், "ஆறு மாசம் பாரும்மா, அப்புறம் விக்கலாம்" என்று சொல்லி மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தார். அந்த ஆறு மாதம் பதின்மூன்று வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் மெஷின் ஓட்டுவது அவர், அளவெடுத்து நோட்டில் எழுதுவது நான். புதிதாக வரும் மெக்கானிக் யாராவது "ஓனர் இல்லீங்களா?" என்று கேட்டால், பெரியவர் பேசாமல் என் பக்கம் தாடையை நீட்டுவார்.

அந்த நோட்டைப் புரட்டினால் ஒன்று தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, பிஸ்டன் தண்ணீரை முட்டி ராடு வளைந்த இன்ஜின்கள் முதலில் வந்தன. அது கண்ணுக்குத் தெரிந்த சேதம். ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் மெல்ல மெல்லச் சத்தம் போட ஆரம்பித்து எங்களிடம் வந்தது 2016 சித்திரை, வைகாசியில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. 2024 கோடையில் மறுபடி அதே கதை. பக்க ஓரத்தில் 'தண்ணி வண்டி' என்று பென்சிலால் எழுதி வைப்பது என் பழக்கம். அந்த வருஷத் தண்ணி வண்டிகளில் ஒன்று என் அக்கா மகனுடையது.

அவன் வீடு மடிப்பாக்கத்தில். 2014 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். டிசம்பர் 4ஆம் தேதி ராத்திரி முழுக்க சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. நல்ல வேளையாகச் சாவியைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சியிருக்கும். தண்ணீர் அமுங்காது, ராடுதான் வளையும். (சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் சண்டை வருவதும் இதற்குத்தான். தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் சேர்க்கை இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். இப்போதே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.) வண்டியை ஏற்றிக்கொண்டு போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டான். அவர்கள் ஆயிலையும் ஃபில்டரையும் ஒரு முறை மாற்றி, கார்ப்பெட்டைக் காயவைத்து, பத்து நாளில் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கட்டுரை சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்கள்.

அது ஏன் போதாது என்று சொல்ல, இன்ஜினுக்குள் கொஞ்சம் போக வேண்டும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பது கனெக்டிங் ராடு. அதன் கீழ் முனை கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும். பட்டறையில் ஷெல் என்போம். பேரிங் என்றதும் குண்டு வைத்த பேரிங்கை நினைத்துக்கொள்கிறார்கள். இதில் குண்டும் இல்லை, உருளையும் இல்லை. வெளியே எஃகு, உள்ளே செம்பு கலந்த ஒரு உலோகம், அதற்கும் மேலே ஈயமோ வெள்ளீயமோ கலந்த மெல்லிய பூச்சு. சில இன்ஜின்களில் செம்புக்குப் பதிலாக அலுமினியமும் வெள்ளீயமும் கலந்தது. இன்ஜின் சரியாக ஓடும்போது ஷெல்லும் கிராங்கும் தொடுவதே இல்லை. நடுவில் ஆயில் படலம்தான் அத்தனை அடியையும் தாங்குகிறது. அந்தப் படலத்துக்காக விடும் இடைவெளி, சின்னக் கார்களில் பெரும்பாலும் 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை. உங்கள் தலைமுடி ஒன்று அதைவிடத் தடிமனாக இருக்கும்.

ஆயிலில் தண்ணீர் கலந்தால் மோர் மாதிரி ஆகிவிடும். மோருக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஒரு முறை ஆயிலை இறக்கினால் சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், இருப்பதுதான் வரும். பம்ப்பிலும், இன்ஜினின் உடலான பிளாக்கின் துளைகளிலும், அதன் மேல்மூடியான ஹெட்டின் மூலைகளிலும் தங்கியது புது ஆயிலோடு கலந்து அதையும் கெடுக்கும். அதனால்தான் ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இறக்கி, மறுபடி ஊற்றி, நிறம் தெளிகிற வரைக்கும் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். அதைவிட மோசமானது வண்டல். நம் தெருவில் நிற்பது வெறும் மழைத் தண்ணீரா என்ன? பொடி மணல் ஷெல்லின் பூச்சில் போய்ப் பதியும். பூச்சை மெத்தென்று வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒன்றிரண்டு துகள் வந்தால் தான் விழுங்கிக்கொண்டு கிராங்கைக் காப்பாற்றும். அளவுக்கு மேல் விழுங்கிவிட்டால் அந்த ஷெல்லே உப்புத்தாளாகி கிராங்கைத் தேய்க்க ஆரம்பிக்கும்.

மே மாதம், கத்திரி வெயிலில் ஒரு நாள் போன் வந்தது. "சித்தி, வண்டியில ஒரு சத்தம்."

காலையில் எடுக்கும்போதா, சூடான பிறகா என்று கேட்டேன். சூடான பிறகு என்றான். பிஸ்டன் தேய்ந்த சத்தம் என்றால் காலையில் அதிகமாக இருந்து சூடேறச் சூடேற அடங்கும். இது தலைகீழ்; ஆயில் இளகினால் கூடுகிறது. டிக் டிக்கா, டொக் டொக்கா? டிக் டிக் என்று மேலேயிருந்து வந்தால் அது வால்வைத் தள்ளும் டாப்பெட், அவ்வளவு பயமில்லை. இவன் சொன்னது டொக். எப்போது நன்றாகக் கேட்கிறது? "கத்திபாரா பாலத்துல இறங்குறப்ப, ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்த உடனே." அந்தப் பதிலிலேயே எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. "டேய், அதிகம் ஓட்டாதே, கொண்டு வா" என்றேன். மடிப்பாக்கத்திலிருந்து பாடிக்கு யார் வருவது? வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான்.

அங்கே 5டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றி அனுப்பினார்கள். கெட்டி ஆயில், அகலமான இடைவெளியிலும் கொஞ்சம் நின்று பிடிக்கும். சத்தம் குறைந்தது. அவனுக்குச் சந்தோஷம், என்னிடம் போனில் கேலி வேறு. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: விற்கிறவர் முற்றத்தில் நிற்கும் ஆறிய இன்ஜினைக் கேட்டு விலை பேசாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பானெட்டைத் திறந்து கேளுங்கள். கெட்டி ஆயில் மறைத்ததைச் சூடு காட்டிக்கொடுக்கும்.

ஜூலையில் சத்தம் திரும்ப வந்தது. கூடவே சிக்னலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. பலர் அந்த விளக்கு ஆயில் குறைந்தால் எரியும் என்று நினைக்கிறார்கள், ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அது அளவைப் பார்ப்பதில்லை; அழுத்தத்தைப் பார்க்கிறது. அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை என்கிற நிலைக்கு வந்த பிறகுதான் எரியும். சந்தேகம் வந்தால் அந்த விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் மீட்டரை மாட்டிப் பார்க்கலாம், பத்து நிமிட வேலை. இன்ஜின் சூடான பிறகு, ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு (பி.எஸ்.ஐ.) வீதமாவது காட்ட வேண்டும் என்பது பழைய பட்டறைக் கணக்கு. சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும்.

மூன்றாவதாக ஒரு ஒர்க்‌ஷாப். இவர்கள் நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். காலையில் சம்ப்பை இறக்கி, நாலு ராடுக்கும் புது ஷெல் போட்டு, சாயங்காலம் மூடிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வேகம்தான் எனக்கு இடித்தது. "பழைய ஷெல்லைக் கொடுத்தாங்களா?" "இல்லியே." "கிராங்க்கை அளந்தாங்களா?" "கையால தடவிப் பாத்தாங்களாம், நல்லாத்தான் இருக்காம்."

சரியாக மூன்று வாரம் ஓடியது. நூறடி ரோட்டில் வடபழனி தாண்டும்போது, பக்கத்து ஆட்டோக்காரரே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அங்கேயே அணைத்து, கட்டி இழுத்துக்கொண்டு கடைசியில் பாடிக்கு வந்து சேர்ந்தான். அணைத்ததற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும். அதற்கு மேலும் ஓட்டினால் பேரிங் உருகிப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்துவிடும். பிளாக் கிழிந்தால் என்னிடம் வேலையே இல்லை, எடைக்குப் போடுவதுதான்.

எங்கள் பக்கத்துச் சந்து மெக்கானிக் வந்தார். ஒரு நிமிஷத்துக்கு மேல் இன்ஜினை ஓடவிடவில்லை. ஒவ்வொரு சிலிண்டராக, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் கனெக்டரைக் கழற்றி மாட்டினார். மூன்றாவதைக் கழற்றியதும் டொக் அமுங்கியது. அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நின்றால் ராடின் மேல் அடி விழாது, அதனால் சத்தம் குறையும். பிறகு ஃபில்டரை வட்டமாக அறுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்தோம். ஜிகினா. காந்தத்தைக் காட்டினோம், ஒட்டவில்லை. இரும்பு இல்லை, ஷெல்லின் உலோகம்தான்.

எட்டு ஷெல்லையும் எடுத்து வரிசையாக வைத்தோம், உங்கள் நாளிதழின் மேல்தான். மூன்று வாரமே ஓடிய பேரிங். மூன்றாம் எண்ணின் மேல் ஷெல்லில் சாம்பல் பூச்சு போய்ச் செம்பு பளீரென்று தெரிந்தது. ராடில் வெடிப்பின் அடியை வாங்குவது மேல் ஷெல்தான், அதனால் அதுதான் முதலில் போகும். தேய்மானம் நடுவில் இருந்தது. இது முக்கியம். ராடு வளைந்திருந்தால் மேல் ஷெல்லில் ஒரு ஓரமும் கீழ் ஷெல்லில் எதிர் ஓரமும் தேய்ந்திருக்கும். ஆக, ராடு தப்பித்தது. மற்ற மூன்றிலும் சுற்றுவட்டமாகக் கீறல்கள், அங்கங்கே பதிந்த மணல். ஆயில் பம்ப்பின் வடிகட்டியைக் கழற்றினால் கால்வாசி வலை களிமண்ணால் அடைத்திருந்தது. சம்ப்பை இறக்கினால் முகத்துக்கு நேரே தொங்குவது அந்த வடிகட்டி. அது கண்ணில் படாமல் எப்படி மூடினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்ஜினை இறக்கி, கிராங்க்கை மேஜைக்குக் கொண்டு வந்தோம். நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன். கிராங்க்கில் ஷெல் பிடிக்கும் உருண்டைப் பகுதியை ஜர்னல் என்போம். புதிதில் அதற்கு இருக்க வேண்டிய அளவு 42.00 மில்லிமீட்டர். முதல் ஜர்னல் 41.98, இரண்டாவது 41.98, நாலாவது 41.97. மூன்றாவது ஒரு பக்கம் 41.97, மைக்ரோமீட்டரைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் 41.93. அதாவது உருண்டையாக இல்லை, முட்டை வடிவம். தேய்ந்த அந்தக் கிராங்க்கில் அவர்கள் மாட்டியது 'எஸ்டிடி' என்று முதுகில் அடித்த, தேயாத அளவுக்கான ஷெல். புதிதில் இடைவெளி 0.03 என்றால் இங்கே அது 0.10. மூன்று மடங்குக்கும் மேல். விரலால் தடவினால் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கீறல் தெரியும், நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். முட்டை வடிவம் எந்த விரலுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் அன்றாட வேலை. நாலு ஜர்னலையும் 41.75க்கு கிரைண்டிங். பெரியவருக்கு மில்லிமீட்டர் இன்னும் வாயில் வராது, அவருக்கு அது 'பத்து தௌ அண்டர்சைஸ்', அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு குறைவு. ஒன்றுதானே தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் கிரைண்டிங் பிடியுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஷெல் செட்டாகத்தான் வரும், நாலும் ஒரே அளவில் இருப்பதுதான் முறை. ஜர்னலின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் வளைவைச் சதுரமாக வெட்டிவிடக் கூடாது, வெட்டினால் கிராங்க் அங்கேதான் விரிசல் விடும். கிரைண்டிங் முடிந்ததும் பாலிஷ், பிறகு ஆயில் துளைகளுக்குள் பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். பெரியவர் கழுவுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்து முன்பு எனக்குக் கோபம் வரும். துளையில் தங்கிய கிரைண்டிங் பொடி ஒரு சிட்டிகை போதும், புது ஷெல் ஒரே நாளில் போய்விடும் என்று தெரிந்த பிறகு வாயைத் திறப்பதில்லை.

எல்லாக் கிராங்க்கையும் கிரைண்டிங் செய்யலாம் என்று நினைத்துவிட வேண்டாம். சிலவற்றில் மேல்தோலை மட்டும் கடினப்படுத்தியிருப்பார்கள், கம்பெனியே கிரைண்டிங் பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கும். அதற்கு அண்டர்சைஸ் ஷெல்லும் வராது. புது கிராங்க்தான் போட வேண்டும். இன்னும் சில புது வண்டிகளில் ஜர்னலுக்கு ஜர்னல் நிறக் குறியிட்ட ஷெல் வரும், குறி பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் வண்டி பெயரை மட்டும் சொல்லி வாங்கி வருபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

மாட்டும்போது மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஷெல்லின் முதுகு காய்ந்திருக்க வேண்டும், முகத்தில்தான் ஆயில். ஆயில் போடுவதற்கு முன் ஜர்னலின் மேல் பிளாஸ்டிகேஜ் என்கிற மெழுகு நூலில் ஒரு துண்டை வைத்து, ராடின் கீழ்ப் பாதியான கேப்பைச் சரியான டார்க்கில் (இறுக்கும் விசையில்) இறுக்கி, திருப்பாமல் மறுபடி கழற்றி, நூல் எவ்வளவு அகலத்துக்கு நசுங்கியிருக்கிறது என்று அதன் உறையில் அச்சிட்ட அளவோடு ஒத்துப் பார்த்தார். நாலிலும் 0.04க்குள். கேப்களில் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று முதலிலேயே குறி போட்டிருந்தார், ஒரு ராடின் கேப் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. போல்ட் எல்லாம் புதுசு; இந்த இன்ஜினின் ராடு போல்ட் இறுக்கும்போது இழுபடுகிற வகை, ஒரு தடவைக்குத்தான். பெரியவர் அவர் காலத்துக் கதையை அவிழ்த்தார். அம்பாசடர் காலத்தில் அவசரத்துக்கு ஷெல்லுக்குப் பின்னால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை வைத்து இறுக்கி ஓட்டுவார்களாம். கேப்பை அரத்தால் ராவி இறுக்குவதும் உண்டாம். "ஊர் போய்ச் சேர்றதுக்கு அது. இப்ப இவனுங்க பில்லு போட்டுச் செய்றானுங்க" என்றார்.

எல்லாப் பழியையும் ஒர்க்‌ஷாப் மேல் போட்டுவிடவும் முடியாது. என் அக்கா மகன் மைலேஜுக்காகக் கத்திபாரா ஏற்றத்தில் நாலாவது கியரிலேயே இன்ஜினைத் திணறவிட்டு ஏறுகிறவன். குறைந்த சுற்றில் முழு பாரத்தைக் கொடுத்தால் அந்த அடி முழுவதும் ராடு பேரிங்கில்தான் விழும். ஆயில் மாற்றுவதிலும் கிலோமீட்டரை மட்டும் பார்ப்பான்; நூறடி ரோட்டில் ஏ.சி. போட்டுக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் ஊர்வது அந்த மீட்டரில் ஏறாது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் வந்த பிறகு அவன் முதலில் இரண்டு இடத்தில் கொடுத்த பணம், என் பட்டறையில் கிரைண்டிங்குக்கும் ஷெல்லுக்கும் ஆனதைவிட அதிகம். ஷெல் செட்டுக்கு ஒரு நல்ல டயரின் விலைகூட இல்லை. பணம் போவதெல்லாம் இறக்கி ஏற்றும் கூலிக்கு. கூலி இரண்டு முறை போனதுதான் அவனுடைய நஷ்டம். இன்ஜினையே மாற்றிவிடுங்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்பவர்களிடமும், கெட்டி ஆயில் ஊற்றி அனுப்புபவர்களிடமும் வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: கிராங்க் அளவு என்ன? தாளில் நாலு எண் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய ஷெல்லை எண் வரிசைப்படி ஒரு பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் காசு கொடுத்த பொருள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்களுக்கு அதைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்து பார்க்கிற மெக்கானிக்குக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த வரியை மட்டும் இப்படித் திருத்திப் போட முடியுமா: ஆயிலும் ஃபில்டரும் ஒரு முறை போதாது, நிறம் தெளியும் வரை மாற்றுங்கள், சம்ப்பை இறக்கி வடிகட்டியைக் கழுவச் சொல்லுங்கள், 500 கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டரைக் கழற்றி அறுத்துப் பாருங்கள். மழை தொடங்க இன்னும் சில வாரம்தான் இருக்கிறது.

அக்கா மகனின் வண்டி இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் காயில்களைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணைகிற வரை செல்ஃப் மட்டும் அடித்து, பிறகுதான் எடுத்தோம். வருகிற சனிக்கிழமை ஆயிரம் கிலோமீட்டர் ஆகும், ஆயில் மாற்ற வருகிறான். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாதே, நான் அறுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கிரைண்டிங் பட்டறை நடத்தும் வாசகி,
பாடி, சென்னை – 50